உலகம் அழிந்த பிறகும் தொடரும் ஜேஆர்பிஜிகள்: அடுத்து எதை ஆடலாம்?

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 2006ல் கல்லூரி விடுமுறையில் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கேம் கருவிகளின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டு ஃபைனல் ஃபேண்டசி 6, க்ரோனோ ட்ரிக்கர் என்ற இரண்டு ஜேஆர்பிஜிகளையும், அதாவது ஜப்பானிய ரோல் பிளேயிங் வீடியோ கேம்களையும், ஆடி முடித்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளை. போன தீபாவளி லீவில் ஃபைனல் ஃபேண்டசி 6ஐ மறுபடி எடுத்தேன், இந்த முறை நின்டெண்டோ சுவிட்ச் கேம் கருவியில், பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு. ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். மார்கழியில் கடைசி கோபுரத்தின் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். முடிக்க மனம் வராமல் அதை அப்படியே வைத்துவிட்டு, போனில் க்ரோனோ ட்ரிக்கரை எடுத்து முடித்தேன். இப்போது அடுத்து எதை ஆடுவது என்று தெரியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனி கதை முழுக்க வரும்.

ஃபைனல் ஃபேண்டசி 6 வந்தது 1994ல். அதில் பாதிக் கதையிலேயே உலகம் அழிந்துவிடும். மிதக்கும் கண்டத்தின் மேல் வில்லன் கெஃப்கா மூன்று சிலைகளை இடம் மாற்றி வைப்பான். நிலம் பிளக்கும், வான்கப்பல் இரண்டாக உடையும், கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விழுவார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, தோத்துட்டோம். திரும்ப லோட் பண்ணு" என்றான். தோற்கவில்லை, கதையே அப்படித்தான் என்றேன். அவன் நம்பவில்லை. கெட்டவன் ஜெயித்த பிறகு ஆட்டம் எப்படித் தொடரும் என்பது அவன் கேள்வி.

தொடர்கிறது. ஒரு வருஷம் கழித்து, ஒரு சின்னத் தீவில் நம் குழுவில் ஒருத்தியான செலிஸ் கண்விழிக்கிறாள். அவளைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்த்த சிட் என்ற விஞ்ஞானி மட்டும் உடன் இருக்கிறார். அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறாள். அவருக்கு உடம்பு முடியவில்லை, மூன்று நாலு நாளாகச் சாப்பிடவில்லை. கடற்கரைக்குப் போய் மீன் பிடித்துவந்து ஊட்ட வேண்டும். வேகமாக நீந்துகிற மீன்தான் நல்ல மீன். மெதுவாக நகர்வதெல்லாம் கெட்டுப்போனது, அதைக் கொடுத்தால் அவர் இன்னும் மோசமாகிவிடுவார். ஆனால் மெதுவான மீன்தான் சுலபமாகக் கையில் சிக்கும். அவர் உடல்நிலையைக் குறிக்கும் ஓர் எண் உள்ளே நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டே இருக்கும், திரையில் அது வராது. பதினெட்டு வயதில் சிக்கியதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிட் இறந்துவிட்டார். எண்டர் தட்டிக்கொண்டே அடுத்த காட்சிக்குப் போனேன்.

என் அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். கடைசி இரண்டு மாதம் கஞ்சியும் இளநீரும் ஸ்பூனில்தான். எந்த நேரத்தில் கொடுத்தால் இறங்கும், எந்த நேரத்தில் துப்பிவிடுவார் என்று பழகிக்கொள்ளவே பல நாள் ஆனது. இந்த முறை அந்தக் கடற்கரையில் நின்றபோது எனக்கு அவசரமே இல்லை. மெதுவான மீன் காலுக்குப் பக்கத்தில் வந்தாலும் விட்டுவிட்டு, வேகமான மீன் கரைப்பக்கம் திரும்பும் வரை காத்திருந்தேன். சிட் பிழைத்தார்.

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. சிட் பிழைத்தால் ஆடுகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் இறந்தால் செலிஸ் மலை உச்சியிலிருந்து குதிப்பாள், பிழைத்துக் கரை ஒதுங்குவாள், சிறகில் அடிபட்ட பறவை ஒன்றுக்கு அவள் கூட்டாளி லாக் கட்டியிருக்கும் துணியில் கட்டு போட்டிருப்பதைப் பார்த்து, அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று எழுந்துகொள்வாள். எந்த வழியில் போனாலும் தீவை விட்டுக் கிளம்புவது அதே தெப்பத்தில்தான். காசு, ஆயுதம், லெவல் எதுவும் கூடப் போவதில்லை. ஊட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஊட்டலாம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருவதும் இதே கணக்குதான். மொத்தம் 14 பேர் சேரக்கூடிய குழுவில், இரண்டாம் பாதியில் செலிஸ், எட்கர், செட்சர் மூன்று பேர் இருந்தாலே கடைசிக் கோபுரத்துக்குப் போய்விடலாம். மற்றவர்களைத் தேடுவது நம் விருப்பம். முதல் முறை நான் பாதிப் பேரைத் தேடவே இல்லை. இந்த முறை எல்லோரையும் தேடினேன். டோமா கோட்டையில் மனைவியையும் மகனையும் விஷத்துக்குப் பறிகொடுத்த சயன், ஜோஸோ மலைக் குகையில் தனியாக உட்கார்ந்து பட்டுத்துணியில் பூ செய்துகொண்டிருக்கிறார். மராண்டாவில் லோலா என்ற பெண் இறந்துபோன காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் பெயரில் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் இவர்தான். புறாவைப் பின்தொடர்ந்து போய்த்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். குகையில், இனி இறந்தவனை நினைத்து நின்றுவிடாதே என்று அவளுக்கு எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். படித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

அதனால் என் கேள்வி: அழிவைத் தடுப்பது கதையாக இல்லாமல், அழிந்த இடத்தில் எப்படி வாழ்வது என்பதே கதையாக இருக்கிற ஜேஆர்பிஜி வேறு என்ன இருக்கிறது? டர்ன் பேஸ்டாக, அதாவது நாமும் எதிரியும் முறை வைத்து மாறி மாறி அடிப்பதாக இருந்தால் நல்லது. நியர் ஆட்டோமேட்டாவைத் தொட்டுப் பார்த்தேன், அந்த வேகத்துக்கு என் கை வரவில்லை. என்னிடம் சுவிட்சும் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கின்றன.


பழைய கேட்ரிட்ஜ்:

டீச்சர், நீங்கள் கேட்பதற்குப் பொருத்தமான தொடர் ஒன்று இருக்கிறது, நம் பக்கம் பேர் தெரிந்தவர்கள் குறைவு. மெட்டல் மேக்ஸ். 1991ல் நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான ஃபேமிகாமில் வந்தது. ஆரம்ப கால டிராகன் குவெஸ்ட் ஆட்டங்களில் வேலை பார்த்த ஹிரோஷி மியாவோகா உருவாக்கியது. டிராகனைக் கொல்வது அலுத்துவிட்டது என்பதுதான் அதன் விளம்பர வாசகமே.

உலகம் எப்போதோ அழிந்துவிட்டது. பூமியைக் காப்பாற்ற வழி கண்டுபிடிக்கச் சொல்லிக் கட்டிய கம்ப்யூட்டர், மனிதர்களை ஒழிப்பதுதான் வழி என்று கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் உங்களுக்கு யாரும் உலகைக் காப்பாற்றும் பொறுப்பைத் தருவதில்லை. நீங்கள் ஒரு மெக்கானிக்கின் மகன். வேட்டைக்காரன் ஆகப்போகிறேன் என்று சொன்னதும் அப்பா வீட்டை விட்டு வெளியே போ என்று சொல்லிவிடுகிறார். மணலுக்குள் கிடக்கும் பழைய டாங்கியைக் கண்டுபிடித்து, பழுது பார்த்து, தலைக்கு விலை வைத்திருக்கும் மிருகங்களைப் பிடித்துச் சம்பாதிக்கிறீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் அப்பாவிடம் திரும்பிப் போய் ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லலாம். கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 1991ல் இப்படி யோசித்திருக்கிறார்கள்.

கணக்கு டீச்சருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. டாங்கியில் எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு சுமக்குமோ அதற்குள்தான் பீரங்கி, மெஷின்கன், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் அடங்க வேண்டும். மிச்ச எடைக்குக் கவசத் தகடுகளை வாங்கி ஒட்டலாம். எதிரி சுடச் சுட அந்தத் தகடுகள் உதிரும். பெரிய பீரங்கி வைத்தால் தகடு குறையும், தகடு கூட்டினால் பீரங்கியைக் குறைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்த நாள் எனக்கு நிறைய உண்டு.

முதல் பாகத்தை 1995ல் சூப்பர் ஃபேமிகாமில் மெட்டல் மேக்ஸ் ரிட்டர்ன்ஸ் என்று புதுப்பித்தார்கள். ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, உங்கள் லேப்டாப்புக்கு அது போதும். நேராக அதில் ஆரம்பியுங்கள்.


நள்ளிரவு சேவ்:

அக்கா, சுவிட்ச் இருக்கிறது என்றால் ஷின் மெகாமி டென்சே 3: நாக்டர்ன் ஆடிப் பாருங்கள். 2003ல் பிஎஸ்2வில் வந்தது, எச்டி ரீமாஸ்டர் சுவிட்சிலேயே கிடைக்கிறது.

நீங்கள் டோக்கியோவில் பள்ளி மாணவன். டீச்சரைப் பார்க்க ஷின்ஜுகுவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். உள்ளே ஒருத்தரும் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறினால், கண் முன்னால் நகரம் அப்படியே சுருண்டு, ஒரு கோளத்தின் உட்பக்கமாக மாறிவிடுகிறது. தலைக்கு மேல் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ககுத்சுச்சி என்ற ஒளி. அது அமாவாசை, பௌர்ணமி போல வளர்ந்து தேயும். ஆட்டம் ஆரம்பித்துச் சீக்கிரமே இதெல்லாம் நடந்துவிடும். மீதி முழுவதும் அந்த உலகத்துக்குள்தான்.

ஷிபுயா, கின்சா, இகெபுகுரோ, அசகுசா என்று பெயரெல்லாம் நிஜ டோக்கியோ. மனிதர்கள் ஆவிகளாக மூலையில் நின்று பேசுவார்கள், பலருக்குத் தாங்கள் செத்துப்போனதே தெரியாது. அசகுசாவில் மேனிக்கின்கள் என்று மண்ணால் ஆன ஆட்கள் இருக்கிறார்கள். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். எல்லோரும் அவர்களைச் சாதாரணமாக மிதிக்கிறார்கள், ஆனாலும் தங்களுக்கென்று ஓர் ஊரைத் திருத்திக் கட்டப் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்ட "வாழ்வது" அங்கே இருக்கிறது. உங்கள் இரண்டு நண்பர்களும் இதே உலகத்துக்குள் இருப்பார்கள். புது உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு உங்களைவிட்டு விலகிப்போவார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

சண்டை கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் நமக்கு ஒரு வாய்ப்பு கூடும், அடி தவறினால் நம் வாய்ப்பு குறையும். எதிரிக்கும் இதே சட்டம்தான். மேட்டடார் என்ற பாஸிடம் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். காற்று வகைத் தாக்குதலைத் தாங்கும் பேய்களைக் கூட வைத்துக்கொண்டு, எதிரியின் வேகத்தைக் குறைக்கும் மந்திரத்தைத் தயாராக வைத்திருந்தால் அவனைத் தாண்டிவிடலாம்.


விதைப்பை:

டீச்சர், க்ரோனோ ட்ரிக்கரையும் முடித்தேன் என்று சொல்லிவிட்டு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அதுதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் காலப்பயண ஆட்டம் அது.

2300ல் ஒரு குவிமாடத்துக்குள் கொஞ்சம் பேர் கந்தல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனர்ட்ரான் என்ற எந்திரத்துக்குள் புகுந்து வந்தால் உடம்பு தேறிவிடும், ஆனால் பசி மட்டும் போகவில்லை என்று திரையில் வரும். சாப்பாட்டுக் கிடங்கைத் தேடிப் போனால் குளிர்சாதனம் எப்போதோ நின்று எல்லாம் அழுகிக் கிடக்கிறது. பக்கத்தில் செத்துக் கிடக்கும் மனிதனின் கையில் ஒரு விதை. அதைக் கொண்டுவந்து டோவன் பெரியவரிடம் கொடுக்கிறோம். கிளம்பும்போது நம் குழுவில் இருக்கும் மார்ல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆரோக்கியமாக இருங்கள் என்கிறாள். அந்த வார்த்தையையே அந்த மனிதர் கேட்டதில்லை. கேட்க நன்றாக இருக்கிறதே என்கிறார்.

சரி, அப்புறம் என்ன செய்கிறோம்? 1999க்குப் போய், உலகை அழிக்கும் லாவோஸ் என்ற அரக்கனைக் கொன்று அந்த 2300ஐ இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். அந்த விதை முளைத்ததா? டோவன் என்ன ஆனார்? அவர் பிறந்தாரா என்பதே தெரியாது. கடைசிக் காட்சியில் நம் கூட்டாளி லுக்கா, எதிர்காலத்திலிருந்து வந்து சேர்ந்த எந்திர மனிதன் ரோபோவைப் பார்த்து இதே கவலையைத்தான் சொல்கிறாள். எதிர்காலம் மாறினால் நீ இருப்பாயா என்று. டோவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நான் பத்து தடவையாவது அந்த ஆட்டத்தை முடித்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் இது என்னை விடுவதில்லை. உங்கள் ஃபைனல் ஃபேண்டசி 6ல் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நடந்தது நடந்ததுதான்.


பழைய கேட்ரிட்ஜ்:

விதைப்பை சொன்ன 1999 பற்றி ஒரு தகவல். நாஸ்ட்ரடாமஸ் 1999 ஜூலையில் பெரிய அழிவு வரும் என்று சொன்னதாக 1973ல் ஜப்பானில் ஒரு புத்தகம் வந்து பெரிய அளவில் விற்றது. ஒரு தலைமுறை அந்த ஆண்டை நினைத்துப் பயந்தே வளர்ந்தது. க்ரோனோ ட்ரிக்கர் வந்தது 1995 மார்ச் 11. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் கோபே நிலநடுக்கம், ஒன்பது நாள் கழித்து டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இது எதுவும் முன்பே தெரிந்திருக்க முடியாது. ஆனால் அந்த மாதத்தில் அங்கே கேட்ரிட்ஜைச் செருகிய ஒரு பையன், 1999ல் நடந்த அழிவைக் காட்டும், ஆட்டத்துக்குள் வரும் அந்தப் பழைய வீடியோவை எப்படிப் பார்த்திருப்பான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.


செங்கல் செங்கலா:

மகனும் பக்கத்தில் உட்காருவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ். 2016ல் வந்தது, சுவிட்சில் இருக்கிறது. 1986ல் வந்த முதல் டிராகன் குவெஸ்டில் அரக்கர் தலைவன், என்னோடு சேர்ந்தால் பாதி உலகம் தருகிறேன் என்பான். அன்றைக்கு வீரன் சரி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இதன் கதை. மனிதர்களுக்கு எதையும் கட்டத் தெரியாமலே போய்விட்டது. ஊரை ஒவ்வொரு கல்லாக நீங்கள் கட்ட வேண்டும். சண்டை டர்ன் பேஸ்ட் இல்லை, ஆனால் நியர் வேகமும் இல்லை. இரண்டாவது ஊரான ரிமுல்டாரில் தொற்றுநோய். அங்கே எல் என்ற பெண் நோயாளிகளுக்குப் படுக்கை போட்டு ஓர் அறை கட்டித்தரச் சொல்வாள். சிட்டுக்கு மீன் பிடித்தவர் நீங்கள், அந்த இடத்துக்கு வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள்.


கணக்கு டீச்சர்:

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முழுப் பரீட்சை, விடைத்தாள் திருத்தல் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. அனைவருக்கும் நன்றி.

நாக்டர்ன் எடுத்தேன் தம்பி. மேட்டடாரிடம் ஒன்பது முறை தோற்றேன். பத்தாவது முறை, நீங்கள் சொன்னது போல் வேகத்தைக் குறைத்து, நான்கு பேரில் மூன்று பேரைக் காற்று தாங்குகிறவர்களாக மாற்றி ஜெயித்தேன். தோல்வி ஒவ்வொன்றும் எங்கே வாய்ப்பை விட்டேன் என்று காட்டியது. நம் கையில் இருப்பதே நாலு வாய்ப்பு, அதில் ஒன்று தவறினால் எவ்வளவு இழக்கிறோம் என்பது இரண்டு சுற்றில் புரிந்துவிடும். இப்போது அசகுசாவில் இருக்கிறேன். மேனிக்கின்கள் ஒவ்வொருவரிடமும் பேசாமல் அடுத்த தெருவுக்குப் போவதில்லை. கதைக்கு அது தேவையில்லை என்று தெரியும்.

மெட்டல் மேக்ஸ் ரிட்டர்ன்ஸ் லேப்டாப்பில் ஏற்றியாகிவிட்டது, கோடை விடுமுறைக்கு. அப்பாவிடம் போய் ஓய்வு பெறும் அந்த முடிவை முதலில் பார்த்துவிட்டுத்தான் டாங்கி தேடப்போகிறேன்.

விதைப்பை, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் நாளாகிவிட்டது. க்ரோனோ ட்ரிக்கரைப் பற்றி எழுதாமல் விட்டதற்குக் காரணம் நீங்கள் சொன்னதேதான், எனக்கு அதை வார்த்தையாக்கத் தெரியவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு போனில் பழைய சேவ் ஃபைலை எடுத்து ஃபியோனாவின் காட்டுக்குத் திரும்பிப் போனேன். 600ல் பாலைவனமாகக் கிடக்கும் நிலத்தில் ரோபோவை விட்டுவிட்டு வருகிறோம். நமக்கு ஒரு நொடி. அவனுக்கு 400 வருஷம். 1000ல் போய்ப் பார்த்தால் காடு வளர்ந்திருக்கிறது. அவன் உடம்பு துருப்பிடித்துக் கிடக்கிறது, அங்கே இருப்பவர்கள் அவனைச் சாமி போல வைத்திருக்கிறார்கள். அந்தக் காடு எந்தக் காலத்தையும் அழித்துவிட்டு வந்ததில்லை, ஒருவன் நின்று வளர்த்தது. என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் நெஞ்சு லாவோஸோடு போடும் சண்டையில் இல்லை, அந்தக் காட்டில்தான் இருக்கிறது. டோவனுக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். அந்த விதை முளைத்திருக்கும் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

பில்டர்ஸ் மகனுடைய ஆட்டம் ஆகிவிட்டது. ரிமுல்டாரில் எல் கேட்ட அறையை அவன்தான் கட்டினான். வைக்கோல் படுக்கை எல்லாவற்றையும் ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறான். தாத்தாவுக்கு ஜன்னல் பக்கம்தானே பிடிக்கும் என்று அவனாகவே சொன்னான், நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபைனல் ஃபேண்டசி 6ஐத் திறக்கச் சொன்னான். அந்த மீன் தாத்தா இன்னும் அந்தத் தீவில்தான் இருக்கிறாரா என்று கேட்டான். கோபுரத்துக்கு வெளியே நிற்கும் சேவிலிருந்து வான்கப்பலைத் திருப்பி, வரைபடத்தில் தேடிப் பிடித்து அந்தத் தீவில் இறக்கினோம். கதவைத் திறந்து உள்ளே போனோம். சிட் இருந்தார். அவன் பேசு பேசு என்று சொல்ல, இரண்டு முறை பேசினேன். பிறகு கடற்கரைக்குப் போய் மீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தோம்.